72 லட்சம் சொல்லும் வீட்டை 65-க்குப் பேச முடியுமா? வீடு வாங்கும்போது ஓனரிடம் விலை பேசுவது எப்படி?

வீடு பிடித்துவிட்டது. ஏரியாவும் ஓகே. ஸ்கூல், பஸ் ஸ்டாப், தண்ணீர் எல்லாம் பார்த்தாச்சு. அடுத்து வருவதுதான் பலருக்கும் தயக்கமான கட்டம்: ஓனர் முன்னால் உட்கார்ந்து விலை பேசுவது.

காய்கறிக் கடையில் 10 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட, 70 லட்சம் ரூபாய் வீட்டுக்கு "கடைசியா எவ்ளோ சார்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓனர் 2 லட்சம் குறைத்ததும் சந்தோஷமாக டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரப் பேச்சின் மதிப்பு என்ன தெரியுமா? 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கும் வீட்டுக்கடனில், 5 லட்சம் ரூபாய் குறைவாகக் கடன் வாங்கினால் மாதத் தவணையில் சுமார் 4,340 ரூபாய் குறையும். 240 மாதங்களுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 10.4 லட்சம் ரூபாய். விலையில் குறையும் 5 லட்சம், கையில் 10 லட்சமாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த ஃபிளாட்டையோ தனி வீட்டையோ வாங்கும்போது என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும்? முழு விவரம் இங்கே.

முதலில் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டிய 3 எண்கள்

பேச்சுக்குப் போவதற்கு முன்பே குடும்பத்துக்குள் மூன்று தொகைகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

• முதலில் சொல்லப்போகும் விலை
• மனதுக்குள் நினைக்கும் நியாயமான விலை
• இதற்கு மேல் ஒரு ரூபாயும் தர முடியாது என்ற கடைசி விலை

மூன்றாவது எண்தான் முக்கியம். வீட்டின் விலை மட்டும் செலவு இல்லை. பழைய வீட்டைக் கிரையம் செய்ய முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும். 65 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இது மட்டும் 5 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய்.

வங்கியும் முழுத் தொகையைத் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கடன் கிடைக்கும். இந்த விலை வரம்பில் உள்ள வீடுகளுக்கு, பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிட மாட்டார்கள்.

அதாவது 65 லட்சம் வீட்டுக்கு 52 லட்சம் கடன் கிடைத்தால், சொந்தப் பணம் 13 லட்சம், பத்திரச் செலவு 5.85 லட்சம், மொத்தம் 18.85 லட்சம் கையில் இருக்க வேண்டும். புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பெயின்ட், ரிப்பேர் எல்லாம் இதற்கு மேல். இதைக் கணக்குப் போட்ட பிறகுதான் கடைசி விலை எது என்பதே தெரியும்.

ஓனர் சொல்லும் விலை சரியா? கண்டுபிடிக்க 3 வழிகள்

"பக்கத்து தெருவுல 80-க்குப் போச்சு சார்" என்று புரோக்கர் சொல்வார். அதை நம்பவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். சரிபார்க்க வழி இருக்கிறது.

1. வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். வீடு இருக்கும் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினால், அதே கட்டிடத்தில் சமீபத்தில் விற்ற மற்ற ஃபிளாட்டுகளின் பதிவுகளும் வரும். ஒவ்வொரு பதிவிலும் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று தொகைகள் இருக்கும். சிலர் பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பதால் இதையே இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

2. நிலம், கட்டிடம் தனித்தனிக் கணக்கு. பழைய ஃபிளாட்டில் பெரிய மதிப்பு நிலத்துக்குத்தான். கட்டிடத்துக்கு வயதாக வயதாக மதிப்பு குறையும். எனவே யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம்: 900 சதுர அடி ஃபிளாட், வயது 15 ஆண்டு, யுடிஎஸ் 420 சதுர அடி. அந்தப் பகுதியில் நிலம் சதுர அடி 11,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிலத்தின் மதிப்பு 46.2 லட்சம். இன்று கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் புதுக் கட்டிடம் 22.5 லட்சம். 60 ஆண்டு ஆயுளில் 15 ஆண்டு போய்விட்டதால் கால் பங்கைக் கழித்தால் சுமார் 16.9 லட்சம். இரண்டையும் கூட்டினால் சுமார் 63 லட்சம். ஓனர் சொல்வது 72 லட்சம். இடையில் இருக்கும் 9 லட்சத்துக்குத்தான் பேச்சு.

3. வங்கியின் மதிப்பீடு. கடன் தரும் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டை மதிப்பிடும். பேசிய விலை, வங்கி மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே பொதுவாகக் கடன் கணக்கிடுவார்கள். வங்கி 62 லட்சம் என்று மதிப்பிட்டால், அதற்கு மேல் பேசிய ஒவ்வொரு ரூபாயும் சொந்தக் கையிலிருந்துதான் போகும். இதை ஓனரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம்.

கைடுலைன் வேல்யூ வேறு, மார்க்கெட் விலை வேறு

பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத்தீர்வைக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு. தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் வழிகாட்டி மதிப்புகள் மாற்றப்பட்டன. மார்க்கெட் விலை இதைவிடக் கூடவும் இருக்கலாம், சில இடங்களில் குறையவும் இருக்கலாம்.

பேரம் பேசி வழிகாட்டி மதிப்பைவிடக் கீழே போனால் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, முத்திரைத்தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கேட்பார்கள். மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் கருதினால் பத்திரத்தை மேல் விசாரணைக்கு அனுப்பலாம். இரண்டு, வாங்கிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். ஆகவே விலை பேசும் முன்பே வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுவது அவசியம்.

ஓனர் ஏன் விற்கிறார்?

விலையைத் தீர்மானிப்பதில் பாதி வேலை இந்தக் கேள்விதான். நேரடியாக "பணக் கஷ்டமா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "எங்க ஷிஃப்ட் ஆகப் போறீங்க சார்?", "எப்போ காலி பண்ற மாதிரி ஐடியாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டாலே விஷயம் வெளியே வரும்.

• வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்: இவருக்குப் பணத்தைவிட நாள் முக்கியம். சீக்கிரம் முடித்துத் தந்தால் விலையில் இறங்குவார்.
• வெளிநாட்டில் இருப்பவர்: லீவில் ஊருக்கு வந்திருக்கும் சில வாரங்களில் முடிக்கப் பார்ப்பார்.
• அண்ணன் தம்பி அக்கா தங்கை சேர்ந்து விற்பவர்கள்: பிரித்துக்கொள்ள வசதியான முழுத் தொகை வேண்டும். ஆனால் எல்லோரும் ஒத்துவர நேரமாகும்.
• அவசரமே இல்லாதவர்: "வந்தா வரட்டும்" என்று விலையைச் சொல்லி வைத்திருப்பார். இவரிடம் அதிகம் குறையாது. மல்லுக்கட்டாமல் அடுத்த வீட்டைப் பார்ப்பது நல்லது.

வீடு எத்தனை நாளாக விற்பனைக்கு இருக்கிறது என்பதையும் வாட்ச்மேன், பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனைக் கடை என்று விசாரித்தால் தெரிந்துவிடும். ஆறு மாதமாக விற்காமல் இருக்கும் வீட்டுக்கும், போன வாரம் போர்டு வைத்த வீட்டுக்கும் ஒரே மாதிரி பேசக் கூடாது.

இன்னொன்று, ஆடியிலும் மார்கழியிலும் பத்திரப்பதிவு வேண்டாம் என்று பலர் ஒதுங்குவார்கள். வாங்க ஆள் குறைவாக இருக்கும் அந்த மாதங்களில் பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ பத்திரம் போடுவது பலர் கையாளும் வழி.

வீட்டைப் பார்க்கும்போதே பேரம் தொடங்கிவிடுகிறது

முதல் முறை வீட்டைப் பார்க்கும்போது ஓனர் கவனிப்பது வருபவர்களின் முகத்தை. "ஐயோ, பால்கனி சூப்பர்ல! இந்த ரூம் பாப்பாவுக்கு" என்று அங்கேயே பேசத் தொடங்கினால் விலை அங்கேயே நின்றுவிடும். அதற்காகக் குறை சொல்லிக்கொண்டே போவதும் தவறு. பல வருஷம் குடியிருந்த வீட்டை மட்டமாகப் பேசினால் ஓனருக்குக் கோபம்தான் வரும்.

செய்ய வேண்டியது குறிப்பெடுப்பது. சுவரில் ஓதம், பாத்ரூம் கசிவு, கதவு நிலையில் கரையான், போர் தண்ணீரின் உப்பு, மெட்ரோ வாட்டர் இணைப்பு, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, லிஃப்ட்டின் நிலை, கார் பார்க்கிங் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஒரு மேஸ்திரியையோ இன்ஜினியரையோ இரண்டாவது முறை கூட்டிப்போய், ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று தொகையாகக் கேட்டுவிட வேண்டும்.

"வீடு பழசா இருக்கு, குறைங்க" என்பது வாதம் இல்லை. "ரெண்டு பாத்ரூமும் டைல்ஸ் எடுத்து வாட்டர்ப்ரூஃப் பண்ண 2 லட்சம் எஸ்டிமேட் குடுத்திருக்காங்க சார்" என்பதுதான் வாதம்.

பேச்சில் என்ன சொல்லலாம்?

பேச்சை ஓனரோடு நேரில் நடத்துவதே நல்லது. புரோக்கருக்குப் பெரும்பாலும் விலையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன். விலை குறைந்தால் அவருக்கும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. கமிஷன் எவ்வளவு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அதுவும் பேசிக் குறைக்கக்கூடியதுதான்.

மேலே பார்த்த 72 லட்சம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வாங்குபவரின் நியாய விலை 64, கடைசி விலை 66. அவர் இப்படித் தொடங்கலாம்:

"வீட்டை நல்லா வச்சிருக்கீங்க சார், அதனாலதான் ரெண்டாவது தடவை வந்தோம். ஆனா இதே பில்டிங்ல போன வருஷம் பதிவான ரேட் 61 லட்சம். பாத்ரூம் வேலை 2 லட்சம் ஆகும்னு சொல்றாங்க. லிஃப்ட் மாத்தப் போறதா அசோசியேஷன்ல சொன்னாங்க. இதெல்லாம் கணக்குப் பண்ணி நாங்க 60-னு வந்திருக்கோம்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. மரியாதை, ஆதாரம், ஒரு எண். எண்ணைச் சொன்ன பிறகு பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். பலர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "இல்ல, 62 கூடப் பண்ணலாம்" என்று தாங்களாகவே ஏறிவிடுகிறார்கள். தன் விலைக்கு எதிராகத் தானே பேசக் கூடாது. ஓனர் பதில் சொல்லட்டும்.

ஓனர் 70-க்கு இறங்கினால் வாங்குபவர் 62.5-க்கு ஏறலாம். அவர் 68 என்றால் இவர் 64. அடுத்து 64.75. ஒவ்வொரு முறையும் ஏறும் தொகை குறைந்துகொண்டே வந்தால், எல்லை நெருங்குகிறது என்பது எதிரில் இருப்பவருக்குச் சொல்லாமலே புரியும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பதிலாக ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும்: "65 பண்ணலாம் சார், ஏசி ரெண்டும் இருக்கட்டும்."

"ஃபிக்ஸட் ரேட்" என்றால்?

சில ஓனர்கள் விலையில் ஒரு ரூபாயும் குறைக்க மாட்டார்கள். அப்போதும் பேச நிறைய இருக்கிறது.

• மாடுலர் கிச்சன், ஏசி, வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர், கட்டில், பீரோ ஆகியவற்றில் எதை விட்டுப்போகிறார்?
• சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம், அசோசியேஷன் மெயின்டெனன்ஸ் பாக்கிகளை யார் கட்டுவது?
• அசோசியேஷன் லிஃப்ட், பெயின்டிங் என்று ஏற்கெனவே முடிவு செய்த செலவில் பங்கு யாருடையது?
• பத்திரம் முடிந்த எத்தனை நாளில் சாவி? தாமதமானால் மாத வாடகை எவ்வளவு?
• பணத்தை எத்தனை தவணையில், எத்தனை நாளில் தரலாம்?

இவற்றைக் கூட்டினாலே சில லட்சம் வந்துவிடும். 'விலையை விட்டுக்கொடுக்கவில்லை' என்ற திருப்தி ஓனருக்கு; செலவு குறைந்த லாபம் வாங்குபவருக்கு.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க!"

வீடு வாங்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்கும் வசனம். உண்மையாகவும் இருக்கலாம், அழுத்தம் தரவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் பதில் ஒன்றுதான்: "சந்தோஷம் சார். எங்களால முடிஞ்சது இதுதான். கடன் அப்ரூவல் கையில இருக்கு, பேப்பர்ஸ் சரியா இருந்தா 45 நாள்ல முடிச்சுத் தர்றோம்."

வங்கியிடம் முன்கூட்டியே கடன் தகுதிக் கடிதம் வாங்கி வைத்திருப்பவருக்கு இங்கே பெரிய பலம். ஓனருக்கு 2 லட்சம் அதிகம் சொல்லும் நிச்சயமில்லாத பார்ட்டியைவிட, சொன்ன நாளில் முடிக்கும் பார்ட்டி மேல். அன்றே பணம் போட்டால்தான் வீடு என்று நெருக்கினால், எழுந்து வருவதே பாதுகாப்பு.

"பாதி ஒயிட், பாதி பிளாக்" என்று கேட்டால்?

பேச்சு இனிமையாகப் போகும்போது திடீரென்று வரும் கோரிக்கை இது. "பத்திரத்துல 50 போடுவோம். மீதி 15 கேஷா குடுத்திடுங்க. உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்தானே?"

உண்மையில் மிச்சமா? அதே 65 லட்சம் வீட்டுக்குக் கணக்கு இதோ.

முழுத் தொகையும் பத்திரத்தில் என்றால்: கடன் 52 லட்சம். சொந்தப் பணம் 13 லட்சம், பத்திரச் செலவு 5.85 லட்சம். கையில் தேவை 18.85 லட்சம்.

பத்திரத்தில் 50 லட்சம் மட்டும் என்றால்: கடன் 40 லட்சம். சொந்தப் பணம் 10 லட்சம், ரொக்கம் 15 லட்சம், பத்திரச் செலவு 4.5 லட்சம். கையில் தேவை 29.5 லட்சம்.

பத்திரச் செலவில் மிச்சம் 1 லட்சத்து 35 ஆயிரம். ஆனால் கையிலிருந்து கூடுதலாகப் புரட்ட வேண்டியது 10 லட்சத்து 65 ஆயிரம். அதோடு முடியவில்லை. நாளை இந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 50 லட்சம் என்றுதான் கணக்கு. காட்டாமல் விட்ட 15 லட்சமும் லாபமாகத் தெரியும். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்ற தற்போதைய விதிப்படி, அதற்கு மட்டும் 1 லட்சத்து 87 ஆயிரத்து 500 ரூபாய் வரி. இன்று மிச்சம் பிடித்ததைவிட அதிகம்!

சட்டமும் இடம் தராது. வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். பேச்சு முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்த 15 லட்சத்துக்கு எந்த ஆதாரமும் இருக்காது.

ஓனர் பயப்படுவது வரிக்குத்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபத்தில், குறிப்பிட்ட காலத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ கட்டினாலோ விலக்கு உண்டு. அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை முதலீடு செய்தும் விலக்கு பெறலாம். "ஒரு ஆடிட்டரைப் பாருங்க சார், முழுசா ஒயிட்ல வாங்கினாலும் உங்களுக்கு வரி வராம பண்ண முடியும்" என்று சொன்னால் பல ஓனர்கள் இறங்கி வருவார்கள்.

யாரிடம் பேசுகிறோம்? அதுவும் முக்கியம்

மணிக்கணக்கில் பேசி முடித்த பிறகு "தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேங்குறா" என்று வந்தால் எல்லாம் வீண். பேச்சு தொடங்கும் முன்பே பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

• அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அண்ணன் ஒருவர் பேசிய விலை மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்து, எல்லோரையும் ஒருமுறையாவது பேச்சில் உட்கார வைக்க வேண்டும்.

• பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரையப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

• வீட்டின் மேல் கடன் இருந்தால், மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று வங்கியின் கடிதம் கேட்டு, அந்தத் தொகையை ஓனரின் கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துவதாகப் பேச வேண்டும்.

• ஓனர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் வரிப் பிடித்தம் வேறு. உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வீட்டை வாங்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டினால் போதும். 65 லட்சத்துக்கு 65,000 ரூபாய். வெளிநாடு வாழ் இந்தியருக்கு இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, விகிதம் மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வாங்கியவர்தான் வரித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை விலை பேசும்போதே சொல்லிவிட்டால் கடைசி நாளில் தகராறு வராது.

டோக்கன் கொடுக்கும் முன்...

கை குலுக்கியதும் "ஒரு லட்சம் டோக்கன் போடுங்க" என்பார்கள். பேப்பர்களை வக்கீல் பார்க்கும் முன் பெரிய தொகை தரக் கூடாது. தர வேண்டிய கட்டாயம் வந்தால் சிறிய தொகையாக, வங்கி வழியாக, "ஆவணங்கள் சரியாக இல்லையென்றால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு தர வேண்டும்.

மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம், பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி பெற்ற பிளான், சொத்து வரி ரசீது ஆகியவை வக்கீல் கைக்குப் போய்வந்த பிறகுதான் அக்ரிமெண்ட்.

பேசிய எல்லாமும் அக்ரிமெண்ட்டில் எழுத்தாக வந்தாக வேண்டும். கட்டாயம் இருக்க வேண்டியவை:

• மொத்த விலை, அட்வான்ஸ், மீதி தர வேண்டிய நாள்
• கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்னவாகும்
• உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்
• வாங்குபவர் பின்வாங்கினால் எவ்வளவு இழப்பு, ஓனர் பின்வாங்கினால் எவ்வளவு தர வேண்டும் (இரண்டும் சமமாக இருப்பது நியாயம்)
• விட்டுப்போகும் பொருட்களின் பட்டியல், கார் பார்க்கிங் எண்
• பாக்கிகளை யார் கட்டுவது, சாவி எப்போது

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். "வெறும் 20 ரூபாய் பேப்பர்ல எழுதிக்கலாம்" என்ற பேச்சை ஏற்கக் கூடாது. பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் தெரியும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க ஓனர் முயன்றாலும், வாங்க வருபவர் அதைப் பார்த்து உஷாராகிவிடுவார்.

பில்டரிடம் புது ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு

பில்டரிடம் சதுர அடி ரேட் குறைவது கடினம். ஆனால் பார்க்கிங், கிளப் ஹவுஸ், மெயின்டெனன்ஸ் டெபாசிட், வயரிங், கதவு தரம் ஆகியவற்றில் பேச இடம் உண்டு. ரேட்டை எப்போதும் கார்ப்பெட் ஏரியாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீதம் உண்டு. நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கப்படும் ஃபிளாட்டுக்கும், பழைய வீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. இதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

எப்போது எழுந்து வர வேண்டும்?

விலை எவ்வளவு குறைந்தாலும் சில வீடுகளை விட்டுவிடுவதே லாபம். மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டத் தயங்கினால், வாரிசு ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால், நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால், பிளானில் இல்லாத மாடியில் வீடு இருந்தால், ரொக்கம் தராமல் முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் அங்கே பேரத்துக்கு வேலை இல்லை.

அதேபோல், எழுதி வைத்த மூன்றாவது எண்ணைத் தாண்டும் இடத்தில் "ஒரு லட்சம்தானே" என்ற நினைப்பு வரும். அந்த ஒரு லட்சம் 20 ஆண்டுக்கு மாதம் சுமார் 868 ரூபாய் தவணை. தர முடியும் என்று குடும்பமே உட்கார்ந்து முடிவு செய்தால் தரலாம். ஓனர் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு மட்டும் அந்த முடிவை எடுக்கக் கூடாது. "நாளைக்குச் சொல்றோம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். பல நேரங்களில் அடுத்த நாள் காலை ஓனரிடமிருந்தே போன் வந்துவிடும்.